மார்னரை அனுப்பிப்போடுவாங்களோ? லீஃப்ஸ் ஆக்கள் வந்து சொல்லுங்கோ

மார்க்கம்அப்பா
2024 மே 6, இரவு 11.20

ரெண்டு நாளா ஒழுங்கா நித்திரை இல்லை, அதான் இதைத் தொடங்குறன். சனிக்கிழமை எங்கட ரொறன்ரோ லீஃப்ஸ் ஹொக்கி ரீமுக்கு பொஸ்ரனில நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஏழாவது மட்ச், மூண்டாவது பீரியட்டில எங்கட நீலாண்டர் முதல் கோலை அடிக்க வீட்டில எல்லாரும் எழும்பி நிண்டு கத்தினம், அந்தச் சத்தம் அடங்க முதலே அவங்கட லிண்ட்ஹோம் சமப்படுத்திப்போட்டான், பிறகு ஓவர்டைம் தொடங்கி ரெண்டு நிமிசம் முடியேல்லை அவங்கட பாஸ்டர்நாக் அடிச்சு முடிச்சிட்டான்.

என்ர மகனுக்கு பதினொரு வயசு. பிளேஓவ் (சீசன் முடிய கப்புக்கு விளையாடுற சுற்று) தொடங்கினதில இருந்து மார்னரின்ர 16ஆம் நம்பர் ஜேர்சியைத் தோய்க்க விடேல்லை. கைப்பக்கம் கொத்துரொட்டிக் குழம்பு பட்ட மஞ்சள் கறையோட தான் ஏழு மட்ச்சையும் இருந்து பாத்தவன். முடிஞ்ச உடன ஒரு சொல்லும் கதைக்கேல்லை, கழட்டி நாலா மடிச்சு மாடிப்படியில வச்சிட்டு மேல போயிட்டான். இண்டைக்கு காலமை பள்ளிக்கூடத்துக்கு இறக்கேக்க தான் கேட்டவன், அப்பா மார்னரை ட்ரேட் பண்ணி வேற ரீமுக்கு அனுப்பிடுவாங்களோ எண்டு. என்னட்ட மறுமொழி இல்லை.

மார்னர் எங்கட மார்க்கத்தில பிறந்த பெடியன். 2015 ட்ராஃப்டில (ரீமுகள் முறை வச்சு இளம் ஆக்களை எடுக்கிறது) நாலாவதா எடுத்தவங்கள். ஏழு மட்ச்சில ஒரு கோல் ரெண்டு அசிஸ்ட் எண்டது காணாது தான், நான் மறைக்கேல்லை. ஆனா நேற்றில இருந்து ரேடியோவில கதைக்கிற ஆக்கள் எல்லாரும் ஏதோ கடையில சாமான் மாத்துற மாதிரி கதைக்கினம். அந்தாளின்ர கொன்ராக்டில நோ மூவ்மென்ட் இருக்கு. அது 2023 ஜூலை 1 இல இருந்து நடைமுறைக்கு வந்திட்டு. அதுக்குப் பிறகு அவர் ஓம் எண்டு சொல்லாமல் ஒரு இடத்துக்கும் அனுப்ப ஏலாது. ட்ரெலிவிங் மனேஜரா வந்தது 2023 மே 31. அப்ப கையில இருந்தது ஒரே ஒரு மாசம், அந்த மாசத்தை விட்டிட்டு இப்ப விப்பம் விப்பம் எண்டா எப்பிடி? கொன்ராக்ட் 2025 கோடையோட முடியுது. என்ர பயம் அவரை விக்கிறதில இல்லை. விக்கவும் ஏலாமல் வச்சிருக்கவும் ஏலாமல் கடைசியில சும்மா போக விடப்போறாங்கள் எண்டது தான்.

நீங்கள் என்ன நினைக்கிறியள்?


பிராம்ப்டன்காரன்
2024 மே 7, காலை 7.05

அண்ணை மகனின்ர மனசு விளங்குது, ஆனா நான் நேரா சொல்லுறன், அனுப்ப வேணும். இந்தக் கோடையே அனுப்ப வேணும். நாலாவது மட்ச்சில பெஞ்சில நடந்ததை கமெரா பிடிச்சது பாத்தனீங்கள் தானே, நீலாண்டரும் மத்யூஸும் ஏதோ சொல்ல இவர் கையுறையைக் கழட்டி எறியுறார். 2021 மொன்றியலோட மூண்டுக்கு ஒண்டு முன்னுக்கு நிண்டு தோத்தமே, அந்த ஆறாவது மட்ச்சில பக்கை (விளையாடுற ரப்பர் வட்டு) கண்ணாடிக்கு மேலால அடிச்சு பெனால்ட்டி எடுத்ததும் இவர் தான். பிளேஓவில 18 மட்ச் ஒரு கோலும் இல்லாமல் விளையாடினவர். சீசனில கோலும் அசிஸ்டும் சேத்து 90, 95 பொயின்ட்ஸ் எடுத்து என்ன பிரியோசனம், ஏப்ரல் வந்தா பக்கைக் கையில வச்சுக்கொண்டு சுத்தி சுத்தி வாறார், சூட் பண்ணுறார் இல்லை. நான் ஒவ்வொரு வருசமும் இந்த முறை மாறும் எண்டு தான் இருந்து பாக்கிறன். 2018, 2019, 2020, 2021, 2022, இப்ப 2024. கடைசி மட்ச் எண்டு வந்தா ஒருக்காலும் வெல்லேல்லை. மத்யூஸ், நீலாண்டர், டவாரஸ், மார்னர் எண்ட அதே நாலு பேரை வச்சு அதே மறுமொழி தான் வரும்.


நீலக்கோடு
2024 மே 7, மதியம் 12.48

பிராம்ப்டன் அண்ணா, நீங்கள் சொன்ன பெனால்ட்டியும் கையுறையும் நடந்தது தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா இந்த பொஸ்ரன் சீரீஸை முழுசாப் பாருங்கோ. ஏழு மட்ச்சில ரீம் முழுக்கச் சேந்து அடிச்சது 12 கோல். பவர் பிளே (மற்ற ரீமில ஒராள் பெனால்ட்டியில வெளிய இருக்கிற நேரம்) 21 தடவை கிடைச்சு ஒரே ஒரு கோல். சீசனில 69 கோல் அடிச்ச மத்யூஸ் இந்த சீரீஸில அடிச்சது ஒண்டு, அதுவும் அஞ்சாவது ஆறாவது மட்ச் சுகமில்லாமல் விளையாடவே இல்லை. அந்த ரெண்டு மட்ச்சையும் வெண்டு தந்தது கோலி வோல், அவரும் காயப்பட்டு ஏழாவதுக்கு சம்சனோவ் தான் நிண்டவர். இவ்வளவும் நடந்திருக்கு, ஏசுறது மட்டும் ஒராளை.

நான் சனிக்கிழமைகளில பொம்பிளையள் லீக்கில டிஃபென்ஸ் விளையாடுறனான், அதால ஒண்டு சொல்லுவன். மார்னர் பெனால்ட்டி கில்லில (எங்கட பக்கம் ஒராள் குறைவா இருக்கேக்க) நிக்கேக்க அவரின்ர ஸ்ரிக்கை மட்டும் பாருங்கோ. பக் வச்சிருக்கிறவனை நேர போய் மறிக்கிறேல்லை. ஸ்ரிக்கை கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வச்சு பாஸுக்கு வழி இருக்கிற மாதிரிக் காட்டுவார், அவன் பாஸ் பண்ணுற நொடியில ஸ்ரிக் முன்னுக்கு வந்து பறிச்சிடும். நான் அதை ஒரு வருசமாப் பழகுறன், இன்னும் சரியா வரேல்லை. 2023 இல, நல்லா டிஃபென்ஸ் செய்யிற ஃபோர்வட்டுக்குக் குடுக்கிற செல்கி விருதுக்கு கடைசி மூண்டு பேரில ஒராளா வந்தது சும்மா இல்லை. ஒஃபென்ஸ் டிஃபென்ஸ் ரெண்டும் இப்பிடிச் செய்யிற விங்கர் லீக்கிலயே எத்தினை பேர்? அனுப்பினா வாறவர் இதில பாதி தான் செய்வார்.


மொன்றியல்பெடியன்
2024 மே 7, மாலை 6.30

நான் ஹாப்ஸ் (மொன்றியல் ரீம்) ஆள், திட்டாதேங்கோ, இண்டைக்கு நக்கலடிக்க வரேல்லை. மார்க்கம் அண்ணையின்ர மகனைப் பற்றி வாசிக்க எனக்கு 2016 ஜூன் 29 தான் ஞாபகம் வந்தது. வேலையில நிக்கேக்க ஃபோன் வருது, எங்கட சுபானை நாஷ்வில்லுக்கு அனுப்பிட்டாங்கள், அவங்கட வெபர் வாறாராம். முதல் வருசம் தான் சுபான் இங்க சிறுவர் ஆஸ்பத்திரிக்கு 10 மில்லியன் சேத்துத் தாறன் எண்டு வாக்குக் குடுத்தவர், அந்த மனுசனையே அனுப்பினவங்கள். நோ மூவ்மென்ட் நடைமுறைக்கு வர ரெண்டு நாள் இருக்கேக்க அனுப்பினவங்கள், அதைக் கவனியுங்கோ. மார்க்கம் அண்ணை சொன்ன அந்த ஜூலை 1 கதை எங்கட ஆக்களுக்கு விளங்கிச்சு, உங்கட ஆக்களுக்கு விளங்கேல்லை.

அடுத்த வருசமே நாஷ்வில் ஃபைனலுக்குப் போனது. வெபர் 2021 இல எங்களை ஃபைனலுக்குக் கொண்டு போனார், கப்டனா. ஆர் வெண்டது எண்டு இண்டைக்கும் நானும் என்ர தம்பியும் சண்டை பிடிக்கிறனாங்கள்.


கில்மர்93
2024 மே 8, இரவு 9.15

பிள்ளையள், நான் இந்த ஊருக்கு வந்தது 1989. ஹொக்கி எண்டா என்னெண்டு தெரியாது. வேலை முடிஞ்சு வந்து பேஸ்மென்டில ஆறு பேர் ஒரு சின்ன ரிவிக்கு முன்னால இருந்து தான் 1993 முழுக்கப் பாத்தனாங்கள். கில்மர் தாடையில ரத்தத்தோட நிண்டது, மற்ற ரீம் கிரெட்ஸ்கியின்ர ஸ்ரிக் பட்டதுக்கு பெனால்ட்டி குடுக்காமல் விட்டது, ஏழாவது மட்ச்சில அந்தாளே மூண்டு கோல் அடிச்சது. எங்களுக்கு ஆங்கிலம் அரைகுறை, ஆனா வெண்டல் கிளார்க் எண்டா எல்லாருக்கும் விளங்கும். சஸ்காச்சவான் பண்ணையில இருந்து வந்த மனுசன், ஆள் பெரிசில்லை, ஆனா எங்கட ஆக்களில ஒருத்தன் மேல கை வச்சா போதும், அவர் வருவார். அடுத்த சீசனில 64 மட்ச்சில 46 கோல்.

1994 ஜூன் 28 அந்த மனுசனை, கப்டனை, கியூபெக்குக்கு அனுப்பினாங்கள். நான் அப்ப ஒரு பக்ரறியில இரவு வேலை, சாப்பாட்டு நேரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ரேடியோவில கேட்டுட்டு வந்து சொன்னவர். சொல்லிட்டு சான்விச்சை அப்பிடியே பேப்பரில திரும்பச் சுத்தி வச்சிட்டார். சாப்பிடேல்லை. அண்டைக்கு இந்த நகரம் முழுக்க அப்பிடித் தான் இருந்தது.

வந்தது ஆர்? ஒரு சுவீடன்காரப் பெடியன், 23 வயசு, ஒருத்தருக்கும் அவ்வளவு பிடிக்கேல்லை. மட்ஸ் சன்டீன். 13 வருசம் விளையாடி 420 கோல், 987 பொயின்ட்ஸ், பொயின்ட்ஸில லீஃப்ஸின்ர சரித்திரத்திலயே முதலாவது ஆள் அவர் தான். அப்ப சொல்லுங்கோ, கிளார்க்கை அனுப்பினது பிழையோ?

ஆனா கதை அதோட முடியேல்லை, இது தான் நான் சொல்ல வந்தது. 2008 பெப்ரவரியில ரீம் கீழ கிடக்குது, சன்டீனை அனுப்பி நல்ல இளம் பெடியங்களை எடுப்பம் எண்டு நினைச்சவங்கள். அவரிட்ட கேட்டாங்கள். அவர் மாட்டன் எண்டிட்டார். கொன்ராக்டில அந்த உரிமை இருந்தது. கோடையில கொன்ராக்ட் முடிஞ்சுது, அந்த வருசக் கடைசியில வான்கூவரில சைன் பண்ணினார், லீஃப்ஸுக்கு கிடைச்சது ஒண்டும் இல்லை. ஒரே மனுசனை வச்சு ரெண்டு பாடமும் இந்த ரீமுக்கு ஏற்கெனவே இருக்கு. மார்னர் விசயத்தில ரெண்டாவது பாடம் தான் திரும்ப வரப்போகுது எண்டு என்ர மனசு சொல்லுது. அவரில பிழை சொல்ல மாட்டன். கையெழுத்துப் போட்டுக் குடுத்தது ரீம் தானே.


நீலக்கோடு
2024 மே 8, இரவு 9.52

அங்கிள், அந்த சான்விச் கதை வாசிச்சிட்டு எழும்பிப் போய் தண்ணி குடிச்சிட்டு வந்தனான். சன்டீன் வராட்டி நான் ஹொக்கியே பாத்திருக்க மாட்டன், அம்மா எனக்கு வாங்கித் தந்த முதல் ஜேர்சி 13.


மார்க்கம்அப்பா
2024 மே 10, மாலை 5.40

கோச் கீஃபை நேற்று நிப்பாட்டியாச்சு. இண்டைக்கு ரீம் தலைவர் ஷனஹனும் ட்ரெலிவிங்கும் ரீமை வச்சிருக்கிற கம்பனிக்குப் புதுசா வந்த பெல்லியும் சேந்து பேட்டி குடுத்தவை. முழுக்க இருந்து பாத்தனான். மார்னரை அனுப்புவம் எண்டும் சொல்லேல்லை, அனுப்ப மாட்டம் எண்டும் சொல்லேல்லை. மூண்டு பேரும் முகத்தை இறுக்கிக்கொண்டு எல்லாத்தையும் பாப்பம் எண்ட மாதிரிக் கதைச்சவை. மகன் பக்கத்தில இருந்து கேட்டவன், அப்ப என்ன அர்த்தம் எண்டு. ஒண்டும் முடிவெடுக்கேல்லை எண்டு தான் அர்த்தம் எண்டு சொன்னனான்.


கால்கரிகார்த்தி
2024 ஜூன் 12, இரவு 10.10

வணக்கம், நான் ஃப்ளேம்ஸ் (கால்கரி டீம்) ரசிகன், கோயம்புத்தூர்ல இருந்து வந்து கால்கரில பத்து வருஷம் ஆச்சு. இங்க எல்லாரும் ட்ரெலிவிங் பத்தி பேசறீங்க, அவர் எங்ககிட்ட இருந்து தான் உங்ககிட்ட வந்தாரு, அதனால நாங்க பட்டத சொல்லணும்னு தோணுச்சு.

2021-22ல எங்க டீம்ல காட்ரோ 115 பாயின்ட், மேத்யூ கச்சக் 104 பாயின்ட். எங்க அரீனா சாடில்டோம்ல அந்த வருஷம் கேட்ட சத்தம் மாதிரி நான் கேட்டதே இல்ல. ஜூலை வந்துச்சு, காட்ரோ கான்ட்ராக்ட் முடிஞ்சு கொலம்பஸ் போயிட்டாரு, எங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கல. அடுத்த சில நாள்லயே கச்சக் நான் இங்க ரொம்ப வருஷம் இருக்கப்போறதில்லன்னு சொல்லிட்டாரு. ட்ரெலிவிங் என்ன பண்ணாரு, உடனே ஃப்ளோரிடாவோட பேசி, கச்சக்க 8 வருஷத்துக்கு, வருஷம் 9.5 மில்லியன்னு சைன் பண்ண வச்சே அனுப்பினாரு. வந்தது ஹூபர்டோ, வீகர், இன்னொரு பையன், ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் (டிராஃப்ட்ல முதல் சுத்துல ஆள் எடுக்கற உரிமை). அன்னைக்கு நாங்க எல்லாரும் மனுஷன் சாதிச்சுட்டாருன்னு கொண்டாடினோம், ஏன்னா ஹூபர்டோவும் அதே வருஷம் 115 பாயின்ட் எடுத்தவரு.

இங்க வந்த முதல் வருஷம் 55. அடுத்த வருஷம் 52. அவருக்கு வருஷம் 10.5 மில்லியன், 8 வருஷம். கச்சக் போன முதல் வருஷமே ஃபைனல், இதோ இப்ப ரெண்டாவது வருஷமும் ஃபைனல் ஆடிட்டு இருக்காரு. நான் தினமும் அந்த மேட்ச்ச ஆஃப் பண்ணணும்னு நெனச்சுட்டு கடைசி வரைக்கும் பாத்துடறேன்.

ட்ரெலிவிங்க குறை சொல்லல. கத்தி கழுத்துல இருக்கும்போது அவர் அவ்வளவாவது வாங்கினாரு. ஆனா ஸ்டாருக்கு ஸ்டார் வாங்கினா சமம்னு நெனச்சுடாதீங்க, வர்றவர் வயசு, அவர் எந்த சிஸ்டம்ல அந்த பாயின்ட் எடுத்தாரு, இதெல்லாம் தான் முக்கியம்.

அப்புறம் அந்த நோ மூவ்மென்ட் விஷயம், எங்க கேப்டன் இகின்லா கதைய கேட்டுப் பாருங்க. 2013 மார்ச்சுல பாஸ்டன் மேனேஜர் டீல் முடிஞ்சதுன்னே நெனச்சுட்டாரு. இகின்லா எனக்கு பிட்ஸ்பர்க் தான்னு சொல்ல, அங்கயே அனுப்ப வேண்டியதா போச்சு. பதினாறு சீசன் ஆடின மனுஷனுக்கு ரெண்டு காலேஜ் பசங்களும் ஒரு பிக்கும். வாங்கற டீம் ஒண்ணே ஒண்ணு தான்னு தெரிஞ்சா அவங்க ஏன் நல்ல விலை குடுக்கணும்?


பிராம்ப்டன்காரன்
2024 ஜூன் 13, காலை 6.50

கார்த்தி, நீங்க சொன்னதை வச்சுத் தான் நானும் சொல்லுறன். காட்ரோவுக்கு நடந்த மாதிரி சும்மா போக விடாமல் கச்சக்குக்குச் செய்த மாதிரி ஏதாவது வாங்க வேணும். இன்னும் ஒரு வருசம் இருக்கேக்க தான் விலை வரும். எட்மன்ரனோ கொலராடோவோ எல்லா ரீமும் ஏதோ ஒரு கட்டத்தில கஷ்டமான முடிவு எடுத்திருக்கினம். எங்கட ஆக்கள் மட்டும் ஒவ்வொரு கோடையும் ஒராளை மாத்தாமல் கோச்சை மாத்தினம். புதுசா வந்த பெரூபி நல்ல கோச், 2019 இல செயின்ட் லூயிஸுக்கு ஸ்டான்லி கப் எடுத்துக் குடுத்தவர், ஆனா அவர் வந்து மார்னரை நெற்றுக்கு முன்னால தள்ளி விடுவாரோ?


நீலக்கோடு
2024 ஜூன் 13, இரவு 8.20

காசுக் கணக்கு ஒருக்காப் போட்டுப் பாப்பம். வாற சீசனுக்கு சலரி கேப் (ஒரு ரீம் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சம்) 88 மில்லியன். மத்யூஸ் 13.25, நீலாண்டர் 11.5, டவாரஸ் 11, மார்னர் 10.903. கூட்டினா 46.65. இருபத்திச் சொச்சம் பேருக்கான காசில பாதிக்கு மேல நாலு பேருக்குப் போகுது, நாலு பேரும் ஃபோர்வட்ஸ். மிச்சத்தில தான் டிஃபென்ஸ், கோலி எல்லாம். அதால பிராம்ப்டன் அண்ணாவின்ர கோபத்தில நியாயம் இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த நாலு பேரில முதல் ரெண்டு பேருக்கும் போன பத்து மாசத்துக்குள்ள தான் புதுசா எழுதிக் குடுத்தவை. டவாரஸுக்கும் நோ மூவ்மென்ட் இருக்கு. அப்ப அனுப்பக்கூடிய ஆள் எண்டு மார்னர் மட்டும் மிஞ்சினது அவர் மோசம் எண்டதால இல்லை, அவரின்ர கொன்ராக்ட் முடியுற தேதியால.


மார்க்கம்அப்பா
2024 ஜூன் 25, காலை 6.15

நேற்று இரவு புளோரிடா கப் எடுத்திட்டுது. கச்சக் தூக்கிக் காட்டினதைப் பாக்க கார்த்தி தம்பியைத் தான் நினைச்சனான்.

நான் ஒரு விசயம் சொல்லுறன், விக்க வேணும் எண்டு சொல்லுற ஆக்கள் இதைக் கேளுங்கோ. கெசலை 2015 இல பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினவங்கள், ஏதோ அந்தாள் தான் எல்லா வருத்தத்துக்கும் காரணம் எண்ட மாதிரிக் கதைச்சு அனுப்பினவங்கள். அவர் 2016 உம் 2017 உம் கப் எடுத்தார். கட்ரியை 2019 இல கொலராடோவுக்கு அனுப்பினவங்கள், பொஸ்ரனோட ரெண்டு வருசமும் கோவப்பட்டு தடை வாங்கினவர் எண்டு. எனக்கும் அப்ப கோவம் தான். அவர் 2022 இல கப் எடுத்து, அதை லண்டன் ஒன்ராறியோவில தான் போற பள்ளிவாசலுக்கே கொண்டு போனவர். அந்த ட்ரேடில வந்த பரியும் கெர்ஃபூட்டும் இப்ப எங்க? இந்த ரீம் ஆளை அனுப்பேக்க வடிவா அனுப்பினது கனக்க இல்லை. அதான் எனக்கு நம்பிக்கை வருகுதில்லை.


கில்மர்93
2024 ஜூலை 2, இரவு 8.00

ஜூலை 1 உம் போச்சு. புதுக் கொன்ராக்டும் இல்லை, ட்ரேடும் இல்லை. நான் சொன்னது தான் நடக்கப்போகுது.


பிராம்ப்டன்காரன்
2025 பெப்ரவரி 21, அதிகாலை 12.30

இதைத் திரும்ப மேல கொண்டு வாறதுக்கு மன்னிக்கோணும். இப்ப தான் நாலு நாட்டுப் போட்டி ஃபைனலில கனடா அமெரிக்காவை ஓவர்டைமில வெண்டது, மக்டேவிட் அடிச்ச கோலுக்கு பாஸ் குடுத்தது மார்னர். போன கிழமை சுவீடனோட ஓவர்டைமில கோல் அடிச்சதும் அவர். பெரிய மட்ச்சில ஆள் இல்லை எண்டு இந்த இழையில எழுதினது நான் தான். அதை அப்பிடியே நான் சொன்னது பிழை எண்டு எழுதுறன். என்ர அப்பா கதிரையில இருந்து எழும்பி என்னைக் கட்டிப்பிடிச்சவர், அவர் என்னைக் கட்டிப்பிடிச்சு எத்தினை வருசம்.


மார்க்கம்அப்பா
2025 மார்ச் 8, காலை 9.40

நேற்று ட்ரேட் டெட்லைன், ட்ரேட் பண்ணக் கடைசி நாள். லாட்டனும் கார்லோவும் வந்திட்டினம், ரெண்டு பேருக்கும் முதல் ரவுண்ட் பிக் போயிட்டு. ஆனா எல்லாரும் கதைக்கிறது மற்றதை. கரோலினாவில ராண்டனன் நிக்க மாட்டன் எண்டு நிண்டவர், அவரை எடுக்கிறதுக்கு மார்னரிட்ட நோ மூவ்மென்டை விட்டுத் தாறீங்களோ எண்டு கேட்டவையாம், அவர் இல்லை எண்டிட்டாராம். ராண்டனன் டாலஸுக்குப் போயிட்டார், 8 வருசம், வருசத்துக்கு 12 மில்லியன்.

செய்தி சரியெண்டா என்ர யோசனை இது. ரீம் கேட்டதில பிழை இல்லை. அவர் இல்லை எண்டதிலயும் பிழை இல்லை. ஆனா ஒருக்கா வா எண்டு கூப்பிட்ட வீட்டில பிறகு போறியா எண்டு கேட்டா, அதுக்குப் பிறகு அந்த வீட்டில இருந்து சோறு இறங்குமோ? இதுக்கு மேல ஜூலையில அவர் இங்க சைன் பண்ணுவார் எண்டு நான் நினைக்கேல்லை.


கால்கரிகார்த்தி
2025 மார்ச் 8, மதியம் 1.15

கரெக்ட் அண்ணா. இகின்லா கதை தான் இது, கொஞ்சம் மாறி வந்திருக்கு. ஆனா உங்க டீம் இப்ப கப் எடுக்க ஓடிட்டு இருக்கற டீம், அவர வச்சுக்கிட்டே ஓடிப் பாக்கறதும் ஒரு கணக்கு தான். ஒட்டாவாவோ யாரோ, ரெண்டு ரவுண்ட் தாண்டிட்டா எல்லாம் மாறிடும்.


நீலக்கோடு
2025 மே 19, அதிகாலை 1.05

அரீனாவில இருந்து இப்ப தான் வீட்டை வந்தனான். புளோரிடாவோட ரெண்டுக்கு பூச்சியம் முன்னுக்கு நிண்டு, ஏழாவது மட்ச் வீட்டிலயே 6-1. அஞ்சாவதும் 6-1. எனக்கு முன் வரிசையில ஒருத்தர் ஜேர்சியைக் கழட்டி ஐஸுக்குள்ள எறிஞ்சவர். அது போய் விழுந்து ஐஸில ஒட்டிக்கொண்டு கிடக்குது, ஒரு வேலையாள் குனிஞ்சு எடுத்துக்கொண்டு போறார். மார்னர் சீசனில 102 பொயின்ட்ஸ், முதல் தடவை நூறு தாண்டினவர், பிளேஓவில 13 மட்ச்சில 13. அவர் ஐஸுக்கு வரேக்கயும் கூச்சல் போட்டவை. நான் கத்தேல்லை, கை தட்டவும் இல்லை. அப்பிடியே நிண்டனான். இது கடைசி எண்டு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்.


கில்மர்93
2025 ஜூலை 1, காலை 8.30

மார்னர் விசயம் நேற்று முடிஞ்சுது. வேகஸ். 8 வருசம், 96 மில்லியன், லீஃப்ஸ் சைன் பண்ணிக் குடுத்து அனுப்பியிருக்கு, மாறி வாறவர் நிக்கலா ருவா.

சும்மா போகேல்லை எண்டு சிலர் சந்தோசப்படினம். ஏன் அப்பிடிச் செய்தவங்கள் எண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். இந்த 2025 விதிப்படி இருந்த ரீம் தான் 8 வருசம் குடுக்கலாம், வேற ரீம் எண்டா 7 தான். அந்த எட்டாவது வருசத்துக்காக வேகஸ் ஒராளைத் தந்தது. நெவாடாவில மாநில வருமான வரியும் இல்லை, இங்க அந்தச் சம்பளத்துக்கு உச்ச வரி 53 வீதம். 657 மட்ச், 741 பொயின்ட்ஸ், போகேக்க இந்த ரீமின்ர சரித்திரத்தில அஞ்சாவது ஆள். அவருக்கு மேல சன்டீன், சிட்லர், கியோன், சல்மிங். அப்பிடிப்பட்ட மனுசனுக்கு ஒரு மூண்டாவது லைன் சென்டர். சன்டீனுக்கு அதுவும் கிடைக்கேல்லை எண்டு தான் மனசைத் தேத்துறன்.


பிராம்ப்டன்காரன்
2025 ஜூலை 1, காலை 9.10

ருவா நல்ல விளையாட்டுக்காரன் அங்கிள், 2023 இல வேகஸோட கப் எடுத்தவர், ஆறடி நாலு அங்குலம், வலக்கை சென்டர் எங்களுக்கு எப்பவும் குறைவு தான். ஆனா 2023 ஜூனில, அந்த ஒரு மாசத்தில அனுப்பியிருந்தா இதைப் போல மூண்டு மடங்கு வந்திருக்கும். மார்க்கம் அண்ணை முதல் நாளே எழுதினவர்.


மார்க்கம்அப்பா
2025 ஜூலை 1, இரவு 10.45

மகனுக்கு இப்ப பன்னிரண்டு. நான் வேலையால வர முதலே அவனுக்குத் தெரியும். மார்னர் வேகஸில 93 போடப்போறாராம், ஜூனியர் ரீம் லண்டன் நைட்ஸில போட்ட நம்பர், கில்மரின்ர நம்பர் எண்டு அவன் தான் எனக்குச் சொன்னவன். கில்மர் அண்ணை, இது உங்களுக்கு. 16 ஜேர்சியை என்ன செய்யிறது எண்டு கேட்டனான். அது எனக்கு இனிச் சின்னன் அப்பா, கை ஏறுது எண்டான். எடுத்துக்கொண்டு வந்து பாத்தம், அந்த மஞ்சள் கறை இன்னும் போகேல்லை. இப்ப தங்கச்சி நித்திரைக்குப் போடுறா, முழங்கால் வரைக்கும் வருது.


நீலக்கோடு
2025 ஜூலை 1, இரவு 11.02

தங்கச்சிக்கு ஸ்ரிக் வாங்கிக் குடுங்கோ அண்ணா, ஒக்டோபரில இருந்து எங்கட லீக்கில சின்னப் பிள்ளையளுக்கும் பழக்குறம்.

மத்யூஸுக்கு வலப்பக்கம் ஆர் விளையாடுறது எண்டு வேற இழை திறந்திருக்கிறன், எல்லாரும் அங்க வாங்கோ.